ஒரே காரின் பல பிறவிகள்

1934இல் ஃபோர்டு நிறுவனத்தின் விமானப் பிரிவுப் பட்டறையில், அலுமினியத் தகடுகளைத் தட்டி வளைத்து, இருவர் மட்டும் உட்காரக்கூடிய தாழ்வான திறந்த கார் ஒன்றைச் செய்தார்கள். கேட்டவர் நிறுவனத் தலைவர் எட்செல் ஃபோர்டு. வரைந்தவர் யூஜின் கிரெகரி. கார்களுக்கு வருமுன் படகுகளை வடிவமைத்தவர். ஐரோப்பாவில் பார்த்த கார்களின் நீண்டு தாழ்ந்த அழகை எட்செல் தன் ஊரில் காண விரும்பினார். சந்தைக்கு அனுப்பும் எண்ணம் இல்லை. அடியில் இருந்தது சாதாரண ஃபோர்டு வி-8. மேலே இருந்த உடல் உலகில் ஒன்றே ஒன்று.

1943இல் எட்செல் இறந்தார். கார் விற்கப்பட்டது, கைமாறியது, மறுபடியும் கைமாறியது. பல பத்தாண்டுகள் அது எங்கே இருக்கிறது என்று வரலாற்றாசிரியர்களுக்கே தெரியவில்லை. 1990களின் இறுதியில் ஃபுளோரிடாவில் வெளிப்பட்டது. 2008இல் ஏலத்துக்கு வந்தபோது 17 லட்சம் டாலருக்கு மேல் போனது. பிறகு, எட்செல் வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகமாகப் பராமரிக்கும் அறக்கட்டளை அதை வாங்கிப் புதுப்பித்தது.

புதுப்பிப்பது என்றதும் ஒரு கேள்வி எழுகிறது: எதைப் போலப் புதுப்பிப்பது? 1934இன் படங்களில் காரின் முகப்புக் கிராதி ஒடுங்கி நிமிர்ந்து நிற்கிறது. 1940இல் எஞ்சின் மாற்றப்பட்டு மெர்க்குரி வி-8 ஏறியது. முகப்பையும் கிரெகரியே மாற்றினார். கிராதி தாழ்ந்து அகன்றுவிட்டது. இரண்டு முகங்களையும் வரைந்தது ஒரே கை. இரண்டையும் ஓட்டியது ஒரே உரிமையாளர். எது அசல்? அறக்கட்டளை 1940இன் தோற்றத்தைத் தேர்ந்தெடுத்தது. எட்செல் கடைசியாக ஓட்டிய கார் அதுதான் என்ற வகையில் அந்தத் தேர்வு எனக்கும் சரியாகவே படுகிறது. ஆனால் அப்படித் தேர்ந்தெடுத்ததும் 1934ஆம் ஆண்டுக் கார் உலகில் இல்லாமல் போய்விட்டது. அது இனி படங்களில் மட்டுமே.

போருக்கு முந்தைய முன்மாதிரிக் கார்களின் வரலாற்றை ஆராய்வதில் உள்ள முதன்மையான சிக்கலே இதுதான். ஆலையில் வரிசையாக வெளிவந்த ஒரு காரை ஆராய்பவருக்கு ஒரு நல்ல துணை உண்டு: அதே மாதத்தில் பிறந்த நூறு உடன்பிறப்புகள். அவற்றின் கதவுப்பிடி ஒரு மாதிரியும் இதன் பிடி வேறு மாதிரியும் இருந்தால், யாரோ பிற்காலத்தில் மாற்றியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டலாம். முன்மாதிரிக்கு உடன்பிறப்பு இல்லை. மாற்றிப் பார்ப்பதற்காகவே பிறந்தது அது. இன்றைக்கு ஒரு விளக்கு, மறுவாரம் வேறு விளக்கு. ஒரு காரின் சேசிஸ், இன்னொரு காரின் அச்சு, மூன்றாவது காரிலிருந்து எடுத்த கடிகாரம். ஆகவே பொருந்தாமை இங்கே பொய்யின் தடயம் ஆகாது. சொல்லப்போனால், எல்லாம் ஒரே நாளில் செய்ததுபோல் கச்சிதமாகப் பொருந்தும் ஒரு முன்மாதிரியைக் கண்டால்தான் ஆராய்ச்சியாளர் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

காகிதமும் படமும்

முதல் சாட்சி காகிதம். டியர்பர்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தை ஒட்டியுள்ள ஆவணக் காப்பகத்தில், வடிவமைப்பாளர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கி வைத்திருக்கிறார்கள். கிரெகரியின் நினைவுகளும் அங்கே இருக்கின்றன. இத்தகைய வாய்மொழி வரலாற்றில் ஏன் செய்தோம் என்பது நன்றாகக் கிடைக்கும். எப்போது செய்தோம் என்பது அவ்வளவு நன்றாகக் கிடைக்காது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு பேசும் மனிதருக்கு எட்செலின் ரசனை நினைவிருக்கும், தேதி நழுவியிருக்கும்.

தேதிக்குக் காப்புரிமை ஆவணங்களை நம்பலாம். 1940இல் கிரைஸ்லர் நிறுவனம் தண்டர்போல்ட் என்ற காட்சிக் காரைக் கொண்டுவந்தது. அலெக்ஸ் ட்ரெமுலிஸ் வடிவமைத்தார். லெபாரன் நிறுவனம் உடல் கட்டியது. விரல்விட்டு எண்ணக்கூடியவையே செய்யப்பட்டன. பொத்தானை அழுத்தினால் உலோகக் கூரை முழுவதும் பின்பக்கப் பெட்டிக்குள் மறைந்துவிடும். அமெரிக்க மக்கள் வியந்து பார்த்த அந்த வித்தையின் வேரைத் தேடினால் அது பிரான்சுக்குப் போகிறது. ஜார்ஜ் போலான் என்பவர் தொழிலால் பல் மருத்துவர். மறையும் கடினக் கூரைக்குக் காப்புரிமை பெற்று, பூர்தூ என்ற உடல் கட்டுநரோடு சேர்ந்து, 1934லேயே பெஜோ கார்களில் அதைப் பொருத்திக் காட்டிவிட்டார். இன்னும் பின்னே போனால், 1920களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் பென் எல்லர்பெக் ஒரு ஹட்சன் காரில் இதைச் செய்து பார்த்திருக்கிறார். ‘முதல்’ என்ற சொல்லைக் கார் வரலாற்றில் எங்கே கண்டாலும் காப்புரிமைப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு மேலே படிப்பது நல்லது.

போலானின் கதையைக் கடந்து போக மனம் வரவில்லை. ஜெர்மானியப் படை பிரான்சைப் பிடித்தபின் அவர் எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்தார். 1942 மார்ச்சில் நாஜிகள் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். போருக்கு முந்தைய கார்களின் கோப்புகள் பாதியில் நின்றுபோவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட காரணங்களும் உண்டு.

அடுத்த சாட்சி புகைப்படம். பார்க்க எளிது, நம்புவது கடினம். முதலில் நிறத்தை எடுத்துக்கொள்வோம். அக்காலத்தில் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது. அதில் ரத்தச் சிவப்புக் கார் கருப்பாகப் பதியும். நீலக் கார் வெளிறிப் பதியும். பான்குரோமாட்டிக் ஃபிலிம் எல்லா நிறங்களையும் உணரும். ஒரே காரை இருவர் இருவேறு ஃபிலிமில் எடுத்திருந்தால், இரண்டு கார்கள் இருந்தன என்று வாதாடும் அளவுக்குப் படங்கள் வேறுபடும். எந்த ஃபிலிம் என்பதைப் படத்திலேயே கண்டுபிடிக்கலாம்: வானம், மனிதர்களின் உதடு, அருகில் நிற்கும் நிறம் தெரிந்த பலகை ஆகியவை எந்தச் சாம்பலில் பதிந்திருக்கின்றன என்று ஒப்பிட வேண்டும்.

அளவை எடுப்பது இன்னும் நுட்பமானது. இணைகோடுகள் படத்தில் எங்கே குவிகின்றன என்று கண்டு கேமரா நின்ற இடத்தைக் கணக்கிடலாம். அதற்குப்பின், அளவு தெரிந்த ஒரு பொருள் படத்தில் இருந்தால் போதும். மற்ற எல்லாவற்றையும் அளந்துவிடலாம். பெரும்பாலும் சக்கரத்தைத்தான் அளவுகோலாக எடுப்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி எர்ல் 1938இல் உருவாக்கிய ப்யூக் ஒய்-ஜாப் இந்த முறையை ஏமாற்றிவிடும். அதன் சக்கரம் 13 அங்குலம். அக்காலத்துப் பெரிய கார்களுக்கு வழக்கமான 16 அங்குலம் என்று எண்ணிக் கணக்கிட்டால், கார் முழுவதும் 23 விழுக்காடு பெரிதாகிவிடும். ஒய்-ஜாபைத் தாழ்வாகவும் நீளமாகவும் காட்டுவதற்காகவே எர்ல் சக்கரத்தைச் சிறிதாக்கினார். அவர் பார்வையாளரின் கண்ணுக்கு வைத்த பொறி, எழுபது எண்பது ஆண்டு கழித்து அளவெடுப்பவரையும் பிடித்துவிடுகிறது.

படங்கள் எதைக் காட்டுகின்றன என்பதோடு, எதற்காக எடுக்கப்பட்டன என்பதையும் கேட்க வேண்டும். பின்னாளில் பீட்டில் எனப்பட்ட வோக்ஸ்வாகனுக்கு ஃபெர்டினாண்ட் போர்ஷே 1935இல் ஸ்டுட்கார்ட்டில் தன் வீட்டுக் கொட்டகையில் இரண்டு முன்மாதிரிகளைக் கட்டினார். வி1 மூடிய கார், வி2 கன்வெர்ட்டிபிள். அடுத்த ஆண்டு மூன்று வி3 கார்கள் வந்தன. ஒவ்வொன்றும் 50,000 கிலோமீட்டர் சோதனை ஓட்டம் ஓடியது. 1937இல் டைம்லர்-பென்ஸ் கட்டிய 30 கார்கள் சேர்ந்து 20 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடின. அந்தப் பெரும் உழைப்பைச் சுமந்தவை மூடிய கார்கள். ஆனால் 1938 மே 26 அன்று வோக்ஸ்வாகன் ஆலைக்கு அடிக்கல் நாட்டிய விழாவின் படங்களைப் பார்த்தால் கண்ணில் படுவது திறந்த கார்தான். மேடையின் முன் மூன்று வகைக் கார்களை நிறுத்தினார்கள். ஹிட்லர் கிளம்பியபோது ஏறியது கன்வெர்ட்டிபிளில், ஓட்டியவர் போர்ஷேயின் மகன் ஃபெரி. தலைவன் கூட்டத்தின் கண்ணில் பட வேண்டும் என்பது அந்த ஆட்சியின் பிரச்சாரத் தேவை. அதனால் எண்ணிக்கையில் மிகச் சில இருந்த கார், படங்களின் எண்ணிக்கையில் முதலிடம் பிடித்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் வோக்ஸ்வாகனுக்காக வாரந்தோறும் சேமிப்பு வில்லை வாங்கி ஒட்டினார்கள். அவர்களில் ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. ஆலை போர் உற்பத்திக்குப் போய்விட்டது. படங்களில் அந்த ஏமாற்றத்துக்கு இடமில்லை.

கூரை போனால் என்ன ஆகும்

திறந்த முன்மாதிரியை ஆராயும்போது மூடிய காரில் எழாத ஒரு கேள்வி எழும். இது திறந்ததாகவே பிறந்ததா, அல்லது பிறகு யாராவது கூரையை வெட்டினார்களா?

வெறும் சந்தேகம் என்று இதைத் தள்ள முடியாது. 1939இல் நடக்கவிருந்த பெர்லின்–ரோம் பந்தயத்துக்காகப் போர்ஷே மூன்று மெல்லிய அலுமினியக் கார்களைக் கட்டினார். டைப் 64 என்பது பெயர். போர் மூண்டது, பந்தயம் நடக்கவில்லை. 1945இல் ஆஸ்திரியாவின் ட்செல் ஆம் ஸே ஊருக்கு வந்த அமெரிக்கப் படைவீரர்கள் அவற்றில் ஒன்றைக் கண்டெடுத்து, கூரையை அறுத்து எறிந்துவிட்டுத் திறந்த காராக ஓட்டித் திரிந்தார்கள். எஞ்சின் பழுதாகும்வரை ஓட்டினார்கள். பிறகு அது கழிவு உலோகமாகப் போனது. அந்த வாரங்களில் யாராவது அதைப் படம் எடுத்திருந்தால், டைப் 64இல் ஒரு கன்வெர்ட்டிபிள் இருந்தது என்று ஒரு கட்டுக்கதை இன்றைக்கு உலவக்கூடும்.

வெட்டிய காரைப் பிறவித் திறந்த காரிலிருந்து பிரித்தறிய இயற்பியல் உதவுகிறது. தீப்பெட்டியை அதன் உறையோடு பிடித்து முறுக்கினால் எளிதில் கோணாது. உறையைக் கழற்றிவிட்டு உள்தட்டை மட்டும் முறுக்கினால் உடனே நெளிகிறது. மூடிய பெட்டியின் முறுக்கு விறைப்பு, அது சூழ்ந்திருக்கும் பரப்பின் இருமடியைச் சார்ந்தது. திறந்த வடிவத்தின் விறைப்போ தகட்டின் தடிமனுடைய மும்மடியைச் சார்ந்தது. தகடு ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கையில் அந்த மும்மடி மிகச் சிறிய எண். வித்தியாசம் சில மடங்கோடு நிற்காது, நூற்றுக்கணக்கான மடங்கு ஆகும். தனிச் சட்டகத்தின் மேல் உடல் உட்காரும் பழைய கார்களில் சட்டகமே பெரும்பளுவைத் தாங்கும் என்றாலும், கூரையில்லாத உடலைத் தாங்க அதையும் வலுப்படுத்தியாக வேண்டும்.

ஆகவே திறந்த காரை வரையும் பொறியாளர், போன விறைப்பை வேறு எங்காவது திருப்பித் தருவார்: கதவுக்கடியில் ஓடும் விளிம்புச் சட்டத்தைத் தடிப்பாக்குவார், தரைக்குக் கீழே குறுக்குச் சட்டம் கொடுப்பார், முன்கண்ணாடித் தூணின் அடியைப் பெட்டியாக மூடுவார். ஆராய்ச்சியாளர் தேடுவது இவற்றைத்தான். வலுவூட்டல் இருந்து, அதன் மேலுள்ள அடிப்பூச்சும் மற்ற இடத்துப் பூச்சும் ஒன்றாக இருந்தால் கார் திறந்தே பிறந்தது. வலுவூட்டல் இல்லாமல், கதவு இடுக்குகள் ஒருபுறம் அகன்று மறுபுறம் ஒடுங்கி, தூண் முனைகளில் வெட்டுத் தழும்பு இருந்தால் கூரை வெட்டப்பட்டிருக்கிறது. முன்மாதிரியில் மூன்றாவது விடையும் உண்டு: ஆலையே முதலில் மூடிக் கட்டி, பிறகு வெட்டித் திறந்து, ஓட்டிப் பார்த்து, அதன்பின் வலுவூட்டியிருக்கலாம். அப்போது தழும்பும் இருக்கும், வலுவூட்டலும் இருக்கும். இரண்டில் எது முந்தியது என்பதுதான் கேள்வி.

உலோகத்தின் நினைவு

சேசிஸ் எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டு வேறு எண் அடிப்பது பழைய தந்திரம். உலோகம் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. எஃகின் மேல் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் படிகங்கள் நசுங்கி, அவற்றின் அணு வரிசை குலைகிறது. பள்ளம் தீரும்வரை அரத்தால் ராவினாலும் குலைந்த அடுக்கு அடியில் எஞ்சியிருக்கும். அந்த இடத்தை நன்றாக மெருகேற்றி, காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால், குலைந்த பகுதியும் குலையாத பகுதியும் வேறுவேறு வேகத்தில் அரிக்கப்படும். போன எண் மங்கலாக எழுந்து வரும், சில நேரம் சில நொடிகளுக்கு மட்டும். கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். குற்றவியல் ஆய்வகங்களில் அன்றாடம் நடக்கும் சோதனை இது. ஆனால் முன்மாதிரியில் இரண்டு எண் கிடைத்தால் உடனே மோசடி என்று கூவக் கூடாது. பழைய சேசிஸை எடுத்து, எண்ணை ராவி, சோதனைப் பிரிவின் எண்ணை அடிப்பது ஆலைகளே செய்த வேலைதான்.

திருகுகளும் பேசும். கூட்டல் குறி போன்ற தலையுடைய பிலிப்ஸ் திருகு, 1936 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் காடிலாக் கார்கள் வழியாகத்தான் ஆலைகளுக்குள் வந்தது. 1934இன் காரில் அது இருந்தால் அந்தத் திருகு பிற்காலத்தது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி பெயின்ட். அரிசி அளவுத் துணுக்கைப் பெயர்த்து, பிசினில் பதித்து, குறுக்காக மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் அடுக்கடுக்காகக் காரின் வாழ்க்கை தெரியும். ஒவ்வோர் அடுக்கின் வேதியியலும் ஒரு காலக்கோடு. பருத்தியிலிருந்து கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸில் செய்த லாக்கர் 1920களின் நடுவில் கார் ஆலைகளுக்கு வந்தது; அக்ரிலிக் லாக்கர் 1950களின் பிற்பகுதியில். தாலோசயனின் நீலம் கடைக்கு வந்தது 1935இல். எட்செலின் திறந்த கார் பூசிக்கொண்ட அடர் துப்பாக்கிச் சாம்பல் நிறத்துக்கு ஒரு முத்துப் பளபளப்பு உண்டு. அக்காலத்தில் அந்த முத்துச்சாரத்தை ஹெர்ரிங் மீன்களின் செதிலிலிருந்து எடுத்தார்கள். செதிலில் உள்ள குவானின் என்ற பொருளின் தட்டையான படிகங்கள்தான் ஒளியைத் திருப்பித் தருகின்றன. டைட்டானியம் டையாக்சைடு பூசிய மைக்காத் தூளால் அதே பளபளப்பைத் தரும் முறை 1960களில்தான் வந்தது. ஆகவே பளபளக்கும் அடுக்கில் குவானின் இருந்தால் போருக்கு முந்தையதாக இருக்க இடமுண்டு. பூசிய மைக்கா இருந்தால் வாய்ப்பே இல்லை.

கடைசியாக, அணுகுண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த வளிமண்டல அணுச் சோதனைகள், வடகோளக் காற்றில் கார்பன்-14 அளவை ஏறத்தாழ இருமடங்காக்கின. 1963ஐ ஒட்டி அது உச்சம் தொட்டது. அதன்பின் வளர்ந்த பருத்தி, மேய்ந்த மாட்டின் தோல், குதிரையின் பிடரிமயிர், ஆஷ் மரத்தின் வெளி வளையம் எல்லாவற்றிலும் அந்த முத்திரை உண்டு. ஃபெர்னான் லெஜே வரைந்ததாகக் கருதப்பட்ட ஓர் ஓவியத்தின் துணியை 2014இல் இத்தாலிய இயற்பியலாளர்கள் இப்படிச் சோதித்து, அது லெஜே இறந்தபின் நெய்யப்பட்டது என்று காட்டினார்கள். பழைய கன்வெர்ட்டிபிளின் கூரைத் துணியும் இருக்கைத் திணிப்பும் இதே சோதனைக்கு ஏற்றவை. உலோகக் கூரையுள்ள காரைவிட இங்கே திறந்த காருக்கு வசதி அதிகம். பருத்தித் துணி அதன் உடலின் ஒரு பகுதி.

ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொது வரம்பு உண்டு. எல்லாமே ஒருவழிப் பாதை. ‘இந்தத் துணி 1938இல் இருந்திருக்க முடியாது’ என்று உறுதியாகச் சொல்லும். ‘இந்தத் துணி 1938இல் இந்தக் காரில் இருந்தது’ என்று எந்தச் சோதனையும் சொல்லாது. பழைய திருகும் பழைய மரமும் எங்கும் கிடைக்கும். அது மட்டுமா, மறுப்பும் அந்தத் துணியைப் பற்றியதுதான், காரைப் பற்றியது ஆகாது. ஹார்லி எர்ல் ஒய்-ஜாபைக் காட்சிமேடையில் நிறுத்தி வைக்கவில்லை. மறையும் முகப்பு விளக்கும் மின்சாரச் சன்னலும் உலோக மூடிக்குள் ஒளிந்துகொள்ளும் கூரையும் கொண்ட அந்தக் காரை, 1951இல் லெசேபர் என்ற அடுத்த கார் வரும்வரை தன் சொந்தக் காராக ஓட்டினார். வெயிலில், பனியில் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஓடிய காரில் பிற்காலத் துணி கிடைத்தால் அதில் குற்றம் காண என்ன இருக்கிறது?

பாகங்களைப் பற்றிய விடையிலிருந்து காரைப் பற்றிய விடைக்கு எப்படிப் போவது என்று 1990இல் லண்டன் உயர் நீதிமன்றம் யோசிக்க வேண்டி வந்தது. வழக்கு முன்மாதிரியைப் பற்றியதன்று. 1929லும் 1930லும் லெ மான் பந்தயத்தை வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற திறந்த பென்ட்லியைப் பற்றியது. வாங்க ஒப்புக்கொண்டவர்கள், பந்தயத்தில் ஓடிய பாகங்கள் இதில் அநேகமாக இல்லை என்று பின்வாங்கினார்கள். நீதிபதி ஆட்டன், பாகங்கள் அநேகமாக இல்லை என்பதை ஏற்றார். ஆயினும் மாற்றங்கள் படிப்படியாக நடந்தன, வரலாறு எங்கும் அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு வேறு எந்தக் காரும் உரிமை கோரவில்லை என்று கண்டு, அதுவே ஓல்டு நம்பர் ஒன் என்று தீர்ப்பளித்தார். அடையாளத்தைப் பொருளில் தேடாமல் தொடர்ச்சியில் தேடிய தீர்ப்பு அது.

முன்மாதிரிகளுக்கு அந்த முறை பொருந்தும் என்பது என் துணிபு. ஆனால் தொடர்ச்சியைக் காட்ட ஆவணம் வேண்டும். ஒவ்வொரு பாகமும் எந்த ஆண்டில் வந்தது, எதன் இடத்தில் வந்தது, எந்தச் சான்றால் அறிகிறோம் என்று பாகம் பாகமாகப் பதிவேடு வேண்டும். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற தூரின் சாசனமும், புதிதாகச் சேர்ப்பவற்றைப் பிரித்தறியும்படி செய்யவும் பதிவு செய்யவும் கேட்கிறது. முந்தைய தலைமுறையின் புதுப்பிப்பாளர்கள் இதைச் செய்யவில்லை. பழைய பெயின்டை உலோகம் தெரியும்வரை சுரண்டினார்கள், நைந்த கூரைத் துணியைக் குப்பையில் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வில்லார்டு லிபி கார்பன் காலக்கணிப்பைக் கண்டறிந்த 1940களின் இறுதியில் ஒரு சோதனைக்குப் பல கிராம் கார்பனை எரிக்க வேண்டியிருந்தது. கூரையில் பெரிய துண்டை அழித்தால்தான் விடை. இன்று துகள் முடுக்கியில் ஒரு மில்லிகிராம் போதும். இருக்கையின் அடிச்சட்டத்தில், ஆணித் தலைக்குக் கீழே சிக்கி மிஞ்சிய சில இழைகள் அந்த எடைக்குத் தாராளமாக வரும்.